வாசற்படி வரை வந்த அரசு: நாஜி ஜெர்மனியில் அன்றாட வாழ்வும் எதிர்ப்பின் எல்லைகளும்

1. கேள்வியும் அதன் வரம்பும்

சர்வாதிகாரத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தலைவனின் மேடையிலோ வதைமுகாமின் வாசலிலோ போய் நின்றுவிடுகின்றன. இடைப்பட்ட பரப்பு மிகப் பெரியது. 1933இல் ஜெர்மனியின் மக்கள்தொகை ஏறத்தாழ ஆறரைக் கோடி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மேடை ஏறவும் இல்லை, முகாமுக்குப் போகவும் இல்லை. அடுப்பு மூட்டினார்கள், ஆலைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அக்கம்பக்கத்தாரோடு சண்டை போட்டார்கள். ஆட்சியின் பன்னிரண்டு ஆண்டுகளும் இந்த வேலைகளின் ஊடாகவே கழிந்தன.

போர் முடிந்ததும் இவர்கள் தந்த விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கு பார்த்தாலும் ரகசியப் போலீசான கெஸ்டாபோ, வாய் திறந்தால் தலை போகும், நாங்கள் என்ன செய்திருக்க முடியும்? கம்யூனிஸ்டு சொன்னாலும் யூதர் சொன்னாலும் இதில் மறுக்க ஒன்றுமில்லை. அரசின் கண்ணில் ‘நம் மக்கள்’ என்று கருதப்பட்ட சராசரி ஜெர்மானியர் இதையே சொல்லும்போதுதான் ஆவணங்கள் குறுக்கே வருகின்றன. அவருக்கு முணுமுணுக்க இடம் இருந்தது. சில வேளைகளில் கூட்டமாகத் திரண்டு அரசின் ஆணையைத் திரும்பப் பெற வைக்கவும் இடம் இருந்தது. அந்த இடத்தை அவர் எதற்காகச் செலவிட்டார், எதற்காகச் செலவிடாமல் விட்டார் என்பதே இங்கே ஆராயப்படுகிறது. கட்டுரையின் களம் ஜெர்மனி. நார்வேயும் டென்மார்க்கும் ஒப்பீட்டுக்காக மட்டும் வருகின்றன.

2. சான்றுகளின் தன்மை

பத்திரிகையும் தேர்தலும் செத்துப்போன நாட்டில் மக்கள் மனத்தை எப்படி அறிவது? மூவகை ஆவணங்கள் கை கொடுக்கின்றன. முதலாவது, நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் உளவுப் பிரிவு தயாரித்த ரகசிய மக்கள்மன அறிக்கைகள். ரொட்டியின் தரம் முதல் போர்முனைச் செய்தி வரை மக்கள் பேசியதையெல்லாம் இவை பதிந்தன. இரண்டாவது, நாட்டை விட்டு வெளியேறிய சமூக ஜனநாயகக் கட்சி 1934 முதல் 1940 வரை முதலில் பிராக்கிலும் பிறகு பாரிசிலும் இருந்து தொகுத்த அறிக்கைகள். ஆட்சி கவிழ வேண்டும் என்று விரும்பியவர்கள் எழுதியவை இவை. இருந்தும் தொழிலாளர் நடுவே ஹிட்லருக்கு இருந்த செல்வாக்கை வேண்டா வெறுப்பாக ஒப்புக்கொள்கின்றன. அதனாலேயே இவற்றின் மதிப்பு கூடுகிறது. மூன்றாவது, எரிக்கப்படாமல் தப்பிய கெஸ்டாபோ கோப்புகள். டுசெல்டார்ஃப், வுர்ட்ஸ்பர்க் போன்ற சில ஊர்களில் மட்டுமே இவை பெருமளவு மிஞ்சியுள்ளன.

இம்மூன்றோடு ஒரு தனிமனிதரின் குறிப்புகளையும் சேர்க்க வேண்டும். டிரெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்த விக்டர் க்ளெம்பரர் யூதப் பிறப்பினர். மனைவி ஏவா யூதர் அல்லர். 1933 முதல் 1945 வரை அவர் எழுதிய நாட்குறிப்பின் தாள்களை ஏவா சிறிது சிறிதாகப் பிர்னா ஊரிலிருந்த மருத்துவத் தோழி ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். ஒரு தாள் அகப்பட்டிருந்தாலும் மூவர் உயிரும் போயிருக்கும்.

3. வீட்டுக்குள் அரசு

3.1 சங்கங்களின் சாவு

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். பிப்ரவரி 28இல் அடிப்படை உரிமைகள் நிறுத்தப்பட்டன. மார்ச்சில் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தைத் தானே கைகழுவியது, மே 2இல் தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன, ஜூலையில் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம் வந்தது. இந்த வரிசை பாடப்புத்தகங்களில் இருப்பதுதான். சிறு நகரங்களில் இதன் பொருள் என்ன என்று பார்த்தவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் ஷெரிடன் ஆலன். பத்தாயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த நார்ட்ஹைம் என்ற ஊரை எடுத்துக்கொண்டு, பாடற்குழு முதல் துப்பாக்கி சுடும் மன்றம் வரை ஒவ்வொரு சங்கமும் எப்படி நாஜிகள் கைக்குப் போனது என்று அவர் காட்டினார். சங்கங்கள் பெயரளவில் இருந்தன. மாலையில் நாலு பேர் கூடி மனம் விட்டுப் பேசும் இடமாக அவை இல்லாமல் போயின. பேசுவதற்கு இடமில்லாத ஊரில் அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஆட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், தான் மட்டுமே தனி என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதற்கு அதுவே போதுமாயிற்று.

3.2 சட்டி, சட்டை, வானொலி

பழைய கொடுங்கோலர்களுக்கு வரியும் பணிவும் போதும். நாஜி ஆட்சிக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதும் அதற்குத் தெரிய வேண்டியிருந்தது. 1933 அக்டோபர் முதல், குளிர்கால மாதங்களில் குறிப்பிட்ட ஞாயிறுகளில் எல்லாக் குடும்பங்களும் ஒரே சட்டியில் வேகும் எளிய உணவைச் சாப்பிட வேண்டும், மிச்சமாகும் காசைக் குளிர்கால நிவாரண நிதிக்குத் தர வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. காசு வாங்க ஆள் வீடு தேடி வந்தார். கொடுத்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளச் சிறு சின்னமும் வாசலில் ஒட்ட வில்லையும் கிடைத்தன. வில்லை இல்லாத கதவு தெருவுக்கே தெரிந்தது. பெயருக்கு நன்கொடை, நடைமுறையில் பற்றுறுதித் தேர்வு.

வந்து போன ஆள் பெரும்பாலும் கட்சியின் கட்டடப் பொறுப்பாளர். நாற்பது முதல் அறுபது குடும்பங்கள் அவர் கணக்கில். சந்தா வசூலிப்பது, கொடி ஏற்றாத வீட்டைக் கவனிப்பது, குடும்ப அட்டையில் குறிப்பெழுதுவது எல்லாம் அவர் வேலை. இவரை வெறும் ஒற்றர் என்று நினைத்தால் தவறிப்போகும். போர்க்காலத்தில் பங்கீட்டு அட்டைக்கும் குண்டுவீச்சுக்குப் பிந்திய உதவிக்கும் இவரிடமே நிற்க வேண்டியிருந்தது. கண்காணித்ததும் உதவியதும் ஒரே ஆள் என்பதால் அவரை வெறுக்கவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை.

1933 ஆகஸ்டில் 76 மார்க் விலையில் ‘மக்கள் வானொலி’ விற்பனைக்கு வந்தது. அதன் மாதிரி எண் 301. ஹிட்லர் பதவிக்கு வந்த 30-1 தேதியை நினைவூட்டும் எண். 1938இல் 35 மார்க்குக்கு இன்னும் சிறியது ஒன்று வந்தது. 1933இல் நான்கில் ஒரு வீட்டில் இருந்த வானொலி 1941 வாக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பரவியிருந்தது. ஆனால் அந்தப் பெட்டி இருபுறமும் வெட்டுவது. 1938 செப்டம்பரிலேயே பி.பி.சி. ஜெர்மன் மொழியில் ஒலிபரப்பத் தொடங்கியது. 1940 அக்டோபர் முதல் எழுத்தாளர் தாமஸ் மன் அதன் வழியாகத் தம் நாட்டினரிடம் பேசினார். போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 அன்றே அந்நிய நிலையங்களைக் கேட்பது குற்றமாக்கப்பட்டது. கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். தடையை நினைவூட்டும் அட்டை வானொலியின் திருகிலேயே தொங்கவிடப்பட்டது. ஜனங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒலியைத் தாழ்த்தி, கேட்டு முடித்ததும் முள்ளை உள்ளூர் நிலையத்துக்குத் திருப்பி வைத்தார்கள்.

3.3 கிடைத்தவை

அச்சத்தால் மட்டுமே ஆட்சி நின்றது என்றால் கணக்கு உதைக்கும். 1933 தொடக்கத்தில் அறுபது லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். 1937க்குள் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்துக்குக் கீழே வந்தது. இதில் ஆயுத உற்பத்திக்கும் கட்டாயப் படைச் சேவைக்கும் பெரும் பங்கு உண்டு, ஆனால் வேலை கிடைத்தவன் காரணம் விசாரிப்பதில்லை. மணமகள் வேலையை விட்டுவிட்டால் புதுமணத் தம்பதிக்கு 1000 மார்க் வரை கடன் உண்டு. சாமான் வாங்கும் சீட்டுகளாக அது கிடைத்தது, பிள்ளை ஒன்றுக்குக் கால் பங்கு தள்ளுபடி. வாரம் ஐந்து மார்க் கட்டினால் கார் என்ற திட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். ஒருவருக்கும் கார் வரவில்லை. ஆனாலும் கனவு வந்து சேர்ந்திருந்தது. அதன் அரசியல் விலை குறைவல்ல.

போர் முற்றியதும் கிடைத்தவற்றின் நிறம் மாறியது. நாடு கடத்தப்பட்ட யூதக் குடும்பங்களின் கட்டில், அலமாரி, துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஹாம்பர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு லட்சம் பேராவது இத்தகைய பொருள்களை வாங்கியிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் ஃபிராங்க் பயோர் மதிப்பிடுகிறார். சரக்கு எங்கிருந்து வந்தது என்று ஏலக்கூடத்தில் நின்றவருக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. எனக்குத் தெரிந்தவரை, ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேறில்லை.

4. காட்டிக்கொடுத்தவர்கள்

‘எங்கும் கெஸ்டாபோ’ என்ற படிமத்தைக் கோப்புகளோடு ஒட்டிப் பார்த்தவர் ராபர்ட் கெல்லட்லி. அவரது நூல் 1990இல் வந்தது. சுமார் ஐந்து லட்சம் பேர் வாழ்ந்த டுசெல்டார்ஃப் நகரத்துக்கு 1937இல் இருந்த கெஸ்டாபோ ஆட்கள் 126 பேர். அதைவிடப் பெரிய எஸ்ஸென் நகரத்துக்கு 43 பேர். நாடு முழுவதற்கும் அந்த ஆண்டில் ஏழாயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவிலும் காது வைக்க முடியாது. காது வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

டுசெல்டார்ஃப் கோப்புகளில் மாதிரியாக எடுக்கப்பட்ட 825 வழக்குகளில் நான்கில் ஒன்று பொதுமக்கள் கொடுத்த தகவலில் தொடங்கியது. யூதருக்கும் யூதரல்லாதாருக்கும் இடையிலான காதல், நட்பு தொடர்பான வுர்ட்ஸ்பர்க் வழக்குகளில் இது பாதிக்கு மேல். அந்தரங்கமான செயல்களை வெளியிலிருந்து போலீசு அறிய வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் வேலைக்காரியும் முன்னாள் மனைவியும் அறிவார்கள். கொள்கைப் பற்றால் போய்ச் சொன்னவர்கள் இருந்தார்கள். வீட்டுத் தகராறு, கடைப் போட்டி, விவாகரத்து, மாடிப்படி யார் கூட்டுவது என்ற பூசல் ஆகியவற்றைத் தீர்த்துக்கொள்ளப் போனவர்களும் ஏராளம். பொய்ப் புகார்களின் வெள்ளம் தாங்காமல் அதிகாரிகளே சலித்துக்கொண்டார்கள்.

அரசை இழித்துப் பேசுவதைத் தண்டிக்க 1933 மார்ச்சில் ஆணையும் 1934 டிசம்பரில் சட்டமும் வந்தன. இச்சட்டத்தில் சிக்கிய எல்லாருக்கும் ஒரே கதி நேரவில்லை. கிரேஃபெல்ட் நகரக் கோப்புகளை ஆராய்ந்த எரிக் ஜான்சன் இதைத் துலக்கமாகக் காட்டினார். ‘நம் மக்கள்’ வட்டத்தைச் சேர்ந்தவர் குடித்துவிட்டு ஹிட்லரைத் திட்டினால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு போயிற்று. அதே சொல் யூதர் வாயிலிருந்தோ பழைய கம்யூனிஸ்டு வாயிலிருந்தோ வந்தால் முகாம். கடைசி ஆண்டுகளில் இந்தச் சலுகையும் குறுகியது. 1944இல் ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொன்னதற்காக யோசஃப் மியுல்லர் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரும், மற்றொன்றைச் சொன்னதற்காக பெர்லின் ஆயுத ஆலையில் வேலை பார்த்த ஒரு போர்விதவையும் கொல்லப்பட்டார்கள். இருவரையும் காட்டிக்கொடுத்தது உளவுத்துறை அல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

5. அளவுகோல் பற்றிய விவாதம்

எதை எதிர்ப்பு என்று கணக்கிடுவது என்பதில் ஆய்வாளர்கள் நீண்ட காலம் மோதிக்கொண்டார்கள். 1950களில், ஹிட்லரைக் கொல்ல முயன்ற 1944 ஜூலை 20 சதியும் அதையொத்த முயற்சிகளுமே எதிர்ப்பு. 1977 முதல் 1983 வரை ஆறு தொகுதிகளாக வந்த பவேரிய ஆய்வுத் திட்டத்தில் மார்ட்டின் புரோஷாட் மறு எல்லைக்குப் போனார். நோக்கம் எதுவாயினும் ஆட்சியின் வீச்சைத் தடுத்த எந்தச் செயலும் கணக்கில் வரும் என்றார். சந்தையில் யூத மாட்டு வியாபாரியிடமே மாடு வாங்கிய விவசாயியும் இதில் அடங்கிவிடுகிறார், அவர் நாஜிக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவராக இருந்தாலும்கூட. டெட்லெஃப் பொய்கர்ட் இதற்குப் படிவரிசை கொடுத்தார்: ஒத்துப்போகாமை, மறுத்தல், கண்டித்தல், எதிர்த்தல்.

படிவரிசை பயனுள்ளதுதான். ஆனால் படியில் நிற்பவர் யார் என்று அது கேட்பதில்லை. ஒரு மேயரின் மனைவி வணக்கம் சொல்லும்போது கையை உயர்த்த மறந்தால் அது மறதி. பழைய சங்கத் தொழிலாளி மறந்தால் அது கோப்பு. செயலின் எடையைத் தீர்மானித்தது செய்தவரின் இடமே. அடுத்த இரு பிரிவுகளையும் இந்த நோக்கில்தான் படிக்க வேண்டும்.

6. வென்ற எதிர்ப்புகள்

6.1 சிலுவைக்காக

1936 நவம்பரில் வடமேற்கு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் மாநில அரசு, பள்ளிகளில் இருக்கும் சிலுவைகளை அகற்றும்படி ஆணையிட்டது. அங்குள்ள கத்தோலிக்கக் கிராமங்கள் கொதித்தன. தூதுக்குழுக்கள் போயின, தேவாலய மணிகள் ஒலித்தன. மூன்றே வாரங்களில், ஆயிரக்கணக்கானோர் திரண்ட க்ளோப்பன்பர்க் கூட்டத்தில் மாகாணத் தலைவர் கார்ல் ரோவர் மேடையேறி ஆணையைத் திரும்பப் பெற்றார்.

ஐந்தாண்டு கழித்து, 1941 ஏப்ரலில், பவேரியாவின் அமைச்சரும் கட்சித் தலைவருமான அடால்ஃப் வாக்னர் அதே தவறைச் செய்தார். இம்முறை முன்னால் நின்றவர்கள் தாய்மார்கள். கையெழுத்து வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள், ஊர்த்தலைவரை வளைத்துக்கொண்டு சத்தம் போட்டார்கள், போர்முனையில் இருக்கும் கணவனுக்கு எழுதிவிடுவேன் என்று மிரட்டினார்கள். ஆகஸ்டு இறுதியில் ஆணை நிறுத்தப்பட்டது. கழற்றிய சிலுவைகள் பல ஊர்களில் சுவருக்குத் திரும்பின.

இந்தப் போராட்டத்தை ஆராய்ந்த இயன் கெர்ஷா கவனப்படுத்தும் செய்தி ஒன்று உண்டு. இந்தத் தாய்மார்கள் ஹிட்லரை எதிர்க்கவில்லை. அவருக்குத் தெரியாமல் கீழே இருப்பவர்கள் ஆடுகிறார்கள் என்றே நம்பினார்கள். எங்கள் ஆண்கள் கிழக்கே போல்ஷெவிக்குகளோடு சண்டை போட, இங்கே கட்சிக்காரரே போல்ஷெவிக்காக நடக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. போரை ஏற்று, தலைவரை ஏற்று, சிலுவை என்ற ஒரே பொருளில் அவர்கள் அரசை மடக்கினார்கள்.

6.2 நோயாளிகளுக்காக

அதே கோடைக்காலத்தில் மியுன்ஸ்டர் நகர ஆயர் க்ளெமென்ஸ் ஆகஸ்ட் வான் காலன் மூன்று பிரசங்கங்கள் செய்தார். ஆகஸ்டு 3ஆம் நாள் பிரசங்கத்தில், மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் அரசு ரகசியமாகக் கொல்வதை வெளிப்படையாகச் சொன்னார். 1940 தொடங்கி ஆறு நிலையங்களில் விஷவாயுவால் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். மூடி மறைத்தும் செய்தி பரவியது எப்படி? ஒரே வீட்டுக்கு இரண்டு சாம்பல் கலசங்கள் வந்தன. குடல்வால் எப்போதோ அகற்றப்பட்டவர் குடல்வால் அழற்சியால் செத்தார் என்று கடிதம் வந்தது. நிலையத்தின் புகைபோக்கியை ஊரார் தினமும் பார்த்தார்கள்.

ஆயரைத் தூக்கிலிட வேண்டும் என்று கட்சி மேலிடத்தில் பேச்சு எழுந்தது. மியுன்ஸ்டர் வட்டாரம் முழுவதும் போருக்குப் பயன்படாமல் போய்விடும் என்ற அச்சத்தில் கணக்கைப் போருக்குப் பிறகு தீர்க்கலாம் என்று விட்டார்கள். ஆகஸ்டு 24இல் ஹிட்லர் வாயுக் கொலையை நிறுத்தினார். ஆயரின் பிரசங்கத்தைப் படியெடுத்துப் பரப்பிய லியுபெக் நகரின் மூன்று இளம் பாதிரியார்களும் ஒரு லூத்தரன் போதகரும் 1943 நவம்பரில் தலை துண்டிக்கப்பட்டார்கள். பேசியவர் ஆயர், அவரைத் தொடவில்லை, பரப்பியவர்கள் சிறியவர்கள்.

வெற்றியின் அளவையும் சொல்ல வேண்டும். கொலை நிற்கவில்லை, மருத்துவமனைகளுக்குள் பட்டினியாகவும் ஊசியாகவும் தொடர்ந்து, மொத்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது என்பது ஆய்வாளர் கணக்கு. வாயு நிலையங்களில் பழகிய ஆட்கள் போலந்தில் பெல்செக், சோபிபோர், டிரெப்லிங்கா முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். யூதர்களுக்காக அப்படியொரு பிரசங்கம் மியுன்ஸ்டரில் ஒலிக்கவில்லை.

6.3 ரோசன் தெரு

1943 பிப்ரவரி 27 அன்று பெர்லின் ஆலைகளில் வேலை செய்துகொண்டிருந்த யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். யூதரல்லாத பெண்களை மணந்திருந்த ஆண்கள் உட்பட, கலப்புக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 2000 பேர் ரோசன் தெருவில் ஒரு கட்டடத்தில் அடைக்கப்பட்டார்கள். மனைவிமார் வாசலில் கூடினார்கள். விரட்டினால் சிதறி, மீண்டும் வந்தார்கள். ஒரு வாரம் போல இது நடந்தது. மார்ச் 6 முதல் கணவன்மார் விடுதலையானார்கள். ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டிருந்த 25 பேர்கூடத் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள்.

நேதன் ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ் இதைப் பெண்களின் வெற்றி என்கிறார். அவர்களை அப்போது நாடு கடத்தும் திட்டமே இல்லை, பதிவுக்காகவும் இடமாற்றத்துக்காகவும் பிடித்தார்கள் என்கிறார் வோல்ஃப் குருனர். ஆவணச் சான்றில் குருனர் பக்கம் கனம் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாசலில் நின்ற பெண்களுக்கு அந்தத் திட்டம் தெரியாது. பத்தாண்டுகளாக விவாகரத்து செய்யும்படி நெருக்கப்பட்டும் அவர்கள் மறுத்து வந்தவர்கள். ஒரு வாரப் போராட்டத்துக்குப் பின்னால் பத்தாண்டு மறுப்பு இருக்கிறது. க்ளெம்பரர் உயிர் பிழைத்ததும் ஏவாவின் அதே மறுப்பால்தான்.

7. தனியாள்கள்

கணவன் மனைவியான ஓட்டோ ஹாம்பெலும் எலீசே ஹாம்பெலும் பெர்லினின் வெடிங் பகுதியில் வாழ்ந்தவர்கள். ஓட்டோ ஆலைத் தொழிலாளி. எலீசே முன்பு வீட்டுவேலை பார்த்தவர், கட்சியின் மகளிர் அமைப்பில் சிறு பொறுப்பும் வகித்தவர். 1940இல் பிரான்சுப் படையெடுப்பில் எலீசேயின் தம்பி செத்தார். அதன்பின் இருவரும் அஞ்சலட்டைகளில் கையால் எழுதத் தொடங்கினார்கள். நிவாரண நிதிக்குக் காசு கொடுக்காதே, போருக்கு ஒத்துழைக்காதே என்பன போன்ற நேரடி வாசகங்கள், எழுத்துப் பிழைகளோடு. மாடிப்படிகளிலும் அஞ்சல் பெட்டிகளிலும் போட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இருநூறுக்கும் மேல்.

எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அட்டையை நேராகப் போலீசில் கொடுத்தார்கள். கெஸ்டாபோவின் கோப்பில் அவை அடுக்காக இருப்பதற்கு அதுவே காரணம். அச்சம் ஒரு விளக்கம்: அட்டை பொறியாக இருக்கலாம், யாரோ பார்த்திருக்கலாம். ஆனால் கிழித்துப் போடுவது எளிது. ஒப்படைக்கத்தான் நடந்து போக வேண்டும். 1942 இலையுதிர் காலத்தில், ஒருவர் கொடுத்த தகவலின் பேரில், தம்பதியர் பிடிபட்டார்கள். 1943 ஏப்ரல் 8இல் பிளோட்சன்சே சிறையில் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் அந்தக் கோப்பு எழுத்தாளர் ஹான்ஸ் ஃபல்லடாவின் கைக்கு வந்தது. 1946இல் சில வாரங்களிலேயே அதை நாவலாக்கிவிட்டு, புத்தகம் வெளிவரும் முன்பே இறந்துபோனார்.

கியோர்க் எல்சர் தச்சர். நாஜி வணக்கம் சொல்ல மாட்டார். ஹிட்லர் பேச்சு வானொலியில் வந்தால் எழுந்து போய்விடுவார். தொழிலாளியின் கூலி குறைந்தது, இடம் விட்டு இடம் மாறும் உரிமை போனது, போர் வரப்போகிறது என்பவை விசாரணையில் அவர் சொன்ன காரணங்கள். 1939இல் மியுனிக் பீர்மண்டபம் ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்து நேரவெடி வைத்தார். நவம்பர் 8 இரவு 9.20க்கு அது வெடித்தது. மூடுபனியால் விமானத்தை விட்டு ரயிலுக்குப் போக வேண்டியிருந்த ஹிட்லர் 13 நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டார். எட்டுப் பேர் செத்தார்கள்; அவர்களில் ஒருவர் அங்கே பரிமாறிய பெண். எல்சர் 1945 ஏப்ரல் 9இல் தாஹாவில் கொல்லப்பட்டார். கட்சி, குழு, கையேடு எதுவும் இல்லாமல் ஒரு கைவினைஞர் கண்டுகொண்டதைத் தளபதிகள் பலர் ஐந்தாண்டு கழித்தே கண்டார்கள்.

நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கைகளைப் பரப்பிய, மியுனிக் பல்கலைக்கழகத்தின் ‘வெள்ளை ரோஜா’ மாணவர்கள் பரவலாக அறியப்பட்டவர்கள்; ஒன்று மட்டும் குறிப்பிடலாம். 1943 பிப்ரவரி 18 அன்று ஹான்ஸ் ஷோலையும் சோஃபி ஷோலையும் பிடித்துக்கொடுத்தவர் பல்கலைக்கழகக் காவலாளி. அவருக்கு 3000 மார்க் பரிசு. நாலு நாளில் அவ்விருவருக்கும் தோழர் கிறிஸ்டோஃப் புரோப்ஸ்டுக்கும் கில்லட்டின்.

8. வட்டத்துக்கு வெளியே

இதுவரை சொன்ன அன்றாடம் ஒன்று. க்ளெம்பரர் எழுதிய அன்றாடம் வேறு. அதில் ஒவ்வொரு மாதமும் ஏதாவதொன்று பறிபோகிறது: நூலகம், கார், வானொலி, தொலைபேசி, பூ வாங்கும் உரிமை. 1941 செப்டம்பர் 19 முதல் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம். 1942 மே மாதம் யூதர் செல்லப் பிராணி வளர்க்கக் கூடாது என்று ஆணை வந்தபோது, பிறருக்குக் கொடுக்கவும் வழியில்லாமல், தம்பதியர் வளர்த்த பூனையைக் கொல்ல வைத்தார்கள். எந்த வதைமுகாம் விவரிப்பையும்விட இந்த ஆணையைப் படிக்கும்போதுதான் ஆட்சியின் நோக்கு எனக்குப் பிடிபட்டது: கொல்வதற்கு முன்பே வாழ்விலிருந்து நீக்குவது.

அந்த நாட்குறிப்பிலேயே மறுபக்கமும் உண்டு. தெருவில் முன்பின் தெரியாதவர் வந்து கை குலுக்குகிறார். கடைக்காரர் ஒருவர் அட்டைக்கு மேல் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார். வேறொருவர் காறித் துப்புகிறார். எல்லாவற்றையும் அவர் வரிசையாகக் குறித்துக்கொண்டு, மக்கள் உண்மையில் எதன் பக்கம் என்று தீர்ப்பெழுத மறுக்கிறார். பெர்லினில் ஏறத்தாழ 7000 யூதர் தலைமறைவானார்கள். பிழைத்தவர் 1700 பேர் அளவில். ஒருவர் பிழைக்கப் பலர் வேண்டியிருந்தது. ஒருவர் படுக்க இடம் கொடுத்தார், ஒருவர் அட்டை கொடுத்தார், மாடிவீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார். காட்டிக்கொடுக்க ஒரே ஆள் போதும்.

9. ஒப்பீடு: நார்வே, டென்மார்க்

1942 பிப்ரவரியில் நார்வேயின் கைப்பாவை ஆட்சியாளர் க்விஸ்லிங் ஆசிரியர்கள் எல்லாரையும் நாஜிச் சங்கத்தில் சேரக் கட்டாயப்படுத்தினார். பெரும்பான்மை ஆசிரியர்கள் ஒரே வாசகம் கொண்ட மறுப்புக் கடிதத்தைத் தனித்தனியே அனுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகி, நூற்றுக்கணக்கானோர் நாட்டின் வடகோடியில் இருந்த கிர்கெனெஸ் ஊருக்குக் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டும் சங்கம் உருவாகவில்லை. ஆண்டு முடிவதற்குள் ஆசிரியர்கள் வீடு திரும்பினார்கள். அதே ஆண்டு நவம்பர் 26இல், ஆஸ்லோ துறைமுகத்திலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. பிடித்து ஏற்றியவர்கள் நார்வேப் போலீசார். பள்ளிக்காக அவ்வளவு வேகமாகத் திரண்ட நாடு கப்பலைத் தடுக்கத் திரளவில்லை. தனித்தனியாகப் பலர் உதவி, பாதிக்கு மேற்பட்ட யூதர் சுவீடனுக்குத் தப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டென்மார்க்கில் 1943 அக்டோபரில் ஏறத்தாழ 7200 யூதர் மீன்பிடி படகுகளில் சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். படகுக்காரர் பலர் நல்ல தொகை வாங்கினார்கள். அதனால் செயல் சிறுத்துவிடவில்லை. சுவீடன் அருகில் இருந்தது, ஜெர்மன் தூதரகத்தின் அதிகாரி டுக்விட்ஸ் முன்கூட்டியே எச்சரித்தார், ஆக்கிரமிப்பாளர் கெடுபிடி அங்கே தளர்வாக இருந்தது. இவற்றோடு, டென்மார்க் அரசும் திருச்சபையும் யூதரைக் குடிமக்கள் பட்டியலிலிருந்து ஒருநாளும் நீக்கவில்லை. ஓல்டன்பர்க்கில் சிலுவைக்குக் கிடைத்த இடம் கோபன்ஹேகனில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது.

10. போருக்குப் பிந்திய கணக்கு

மேற்கு ஜெர்மனி ஜூலை 20 சதிகாரர்களை ஏற்கவே ஒரு வழக்கு வேண்டியிருந்தது. 1952இல் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிரிட்ஸ் பவர் அரசுத் தரப்பில் வாதாடி அவர்கள் துரோகிகள் அல்லர் என்று நிறுவினார். எல்சருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர் எஸ்.எஸ். அமைப்பின் ஆள் என்ற வதந்தியை, முகாமில் இருந்து மீண்ட மதிப்புக்குரிய போதகர் மார்ட்டின் நீமொல்லரே பரப்பினார். 1960களில் விசாரணைப் பதிவு வெளிப்பட்ட பிறகே அது அடங்கியது. கொலோன் நகரில் 1944 நவம்பரில் தூக்கிலிடப்பட்ட ‘எடல்வைஸ்’ இளைஞர் குழுவைச் சேர்ந்த சிறுவர்கள் நீண்ட காலம் ரௌடிகளாகவே கோப்பில் இருந்தார்கள். அவர்கள் எதிர்ப்பாளர்களாக ஏற்கப்பட்டது 2005இல்.

படையை விட்டு ஓடியவர்களின் கதை இன்னும் நீண்டது. ராணுவ நீதிமன்றங்கள் முப்பதாயிரம் அளவில் மரண தண்டனை விதித்தன. பிழைத்தவர்களில் ஒருவரான லுட்விக் பவ்மன் ஊர் திரும்பியபோது கோழை என்று அடிபட்டார். 1990இல் தம் போன்றோருக்குச் சங்கம் அமைத்துப் போராடினார். 1998இல் நாஜிக்கால அநீதித் தீர்ப்புகளை ரத்து செய்யும் சட்டம் வந்தபோது ஓடியவர்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை, 2002இல் சேர்ந்தார்கள். ‘போர்த் துரோகம்’ என்ற குற்றத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகள் 2009 செப்டம்பர் வரை செல்லுபடியாகவே இருந்தன. அந்தப் பட்டியலில், யூதருக்கு உதவியதைத் தவிர வேறு குற்றம் செய்யாத படைவீரர்களும் இருந்தார்கள்.